கிளாரா அப்பாவுக்கு

மரியே வாழ்க

பென்னலூர்
7.7.2002

அன்புள்ள மிக்கேலுக்கு,

நானும் டென்னிஸும் சுகம். கிளாராவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டதா? பிரசவத்துக்கு ரயிலில் இங்கே வர வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும் நீ மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாய். போன் பண்ணினால் உன் குரலுக்குப் பின்னால் சம்பந்தியம்மா இருமுகிற சத்தம்தான் கேட்கிறது. நீயும் "ம், ம்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு செய்தி. நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறேன். சிரிக்காதே. டென்னிஸ் கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் போய்விட்டால் இந்த ஒற்றை அறையில் நானும் மேசை விசிறியும்தான். வேலைக்கு வந்த பிள்ளைகளுக்குப் பின்னாலேயே தெற்கேயிருந்து வந்து சேர்ந்த கிழங்கள் இந்தப் பக்கத்தில் நிறைய. டீக்கடையில் உட்கார்ந்து நிலம் என்ன விலை போகிறது என்று விசாரித்துக்கொண்டிருப்போம், நாளைக்கே வாங்கப் போகிறவர்கள் மாதிரி. அப்படித்தான் பெருமாள்சாமி என்பவர் பழக்கமானார். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். பங்குச் சாமியாரிடம் கேட்டுக் கோயில் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையை வாங்கி, சனிக்கிழமை சாயங்காலம் வயசானவர்களுக்கு அறிவியலும் மருத்துவமும் சொல்லித் தருகிறார். காசு கிடையாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்வதுதான் கஷ்டம்.

முதல் நாள் பெயர் வாசித்தார். "செல்வநாதன்" என்று கூப்பிட்டார். யாரோ வரவில்லை போலிருக்கிறது என்று நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் அது என் பெயர் என்று உறைத்தது. "கிளாரா அப்பா" என்று கூப்பிட்டிருந்தால் துள்ளி எழுந்திருப்பேன். எல்லாம் நீ செய்த வேலை.

நேற்று கறிக்கடையிலிருந்து ஆட்டின் இதயம் வாங்கி வந்து அறுத்துக் காட்டினார். உள்ளே நான்கு அறை. கதவு, தாழ்ப்பாள் எல்லாம் இருக்கிறது, மிக்கேல். ரத்தம் ஒரு பக்கம்தான் போகலாம், திரும்பி வர முடியாது. தூத்துக்குடி உப்பளக் கம்பெனியில் அவ்வளவு காலம் கேட்டில் டைம் கீப்பராக நின்றவனுக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. என் பெஞ்சில் உலகம்மாள் என்று முக்கூடல் பக்கத்து அம்மாள் ஒருத்தி. "வெங்காயம் போட்டு வதக்குனா எம்புட்டு ருசியா இருக்கும், இப்படி நாசம் பண்ணுதாரே" என்று முணுமுணுத்தாள்.

வீட்டுக்காரர் ஏகாம்பரம் என்னைப் பார்த்து, "இன்னா சார், பேரன் எடுக்கற வயசுல ஸ்லேட்டு தூக்கிகினு கெளம்பிட்டே" என்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
கிளாரா அப்பா


மரியே வாழ்க

வடக்கன்குளம்
12.7.2002

அன்புள்ள கிளாரா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிளாராவுக்கு வீக்கம் குறைந்திருக்கிறது. சம்பந்தியம்மா என்னைக் குறை சொல்வதில்லை. நான் துலக்கிய பாத்திரத்தை எடுத்து மறுபடி துலக்குகிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. காசு வாங்காமல் ஒரு மனிதன் சனிக்கிழமைதோறும் கிழவர்களுக்கு ஆட்டு இதயம் வாங்கி வருகிறான் என்றால் அவனுக்கு என்ன லாபம்? இங்கே வள்ளியூரில் இப்படித்தான் ஒரு கோட்டுப் போட்ட ஆள் மண்டபத்தில் வைத்து ரத்த ஓட்டம், நரம்பு என்று பாடம் நடத்தினான். காபி கொடுத்தான். கடைசியில் காந்தப் படுக்கை என்று ஒன்றை எல்லார் தலையிலும் கட்டிவிட்டுப் போனான். கிளாராவின் சின்ன மாமனார் அதில்தான் இன்றைக்கும் படுக்கிறார், முதுகு வலியோடு.

அது இல்லையென்றால் பெந்தெகொஸ்தேக்காரர்களாக இருக்கும். முதலில் உடம்பைப் பற்றிப் பேசுவார்கள், அப்புறம் ஆன்மாவுக்கு வருவார்கள். அதுவும் இல்லையென்றால் புதுசாக ஏதாவது மருந்து கண்டுபிடித்து அதைக் கொடுத்துப் பார்க்கக் கிழங்களைச் சேர்க்கிறார்களோ என்னவோ. எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஊசி போடுகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த உலகம்மாள் எந்த உலகம்மாள்? புருஷன் இருக்கிறாரா?

இப்படிக்கு,
மிக்கேலம்மாள்


மரியே வாழ்க

பென்னலூர்
21.7.2002

அன்புள்ள மிக்கேலுக்கு,

பெருமாள்சாமி விபூதி வைக்கிறவர். பெந்தெகொஸ்தே பயம் வேண்டாம். படுக்கையும் விற்கவில்லை. அவருக்கு என்ன லாபம் என்று நானே கேட்டேன், நீ கேட்டதாகச் சொல்லாமல். "வீட்ல மருமக என்கிட்ட பேசறதில்ல. இங்க நான் பேசினா முப்பது பேர் கேக்கறாங்க" என்றார். அவ்வளவுதான் லாபம். உலகம்மாளுக்குப் புருஷன் இல்லை, பல்லும் இல்லை. போதுமா?

நீ ஊசி வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நேற்று குத்திக்கொண்டாயிற்று. விரல் நுனியில்தான், எறும்பு கடித்த மாதிரி. ஒவ்வொருவருடைய ரத்தம் என்ன வகை என்று அவரவரே பார்ப்பதுதான் நேற்றைய பாடம். ஒரு கண்ணாடிச் சில்லில் இரண்டு சொட்டு ரத்தம் வைத்து, ஒன்றில் நீல மருந்து, இன்னொன்றில் மஞ்சள் மருந்து விட்டுக் குச்சியால் கலக்க வேண்டும். நீலத்தில் பால் திரிவது போலத் திரிந்தால் ஏ. மஞ்சளில் திரிந்தால் பி. இரண்டிலும் திரியாவிட்டால் ஓ. இரண்டிலும் திரிந்தால் ஏபி.

கலக்கியாயிற்று, பார்க்க வேண்டும். அங்கேதான் வேடிக்கை. அறையில் எத்தனை கிழங்கள், கிட்டப் பார்க்கிற மூக்குக் கண்ணாடி எத்தனை? டாக்டரிடம் காட்டிக் கண்ணாடி வாங்கியவன் நான் ஒருவன், இன்னும் ஓரிருவர். என் கண்ணாடியை உலகம்மாள் வாங்கினாள், அவளிடமிருந்து முன் பெஞ்சு கொம்பையா வாங்கினார், அங்கிருந்து அது ஊர்வலம் போய்விட்டது. சில்லை விசிறிக்கு அடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஏகாம்பரத்தின் மூக்குக்குப் பொருந்துகிறதா என்றுகூடப் பார்த்துவிட்டார்கள். ஆமாம், கேலி பண்ணின ஏகாம்பரமும் இப்போது வகுப்புக்கு வருகிறார். ஒருவழியாகக் கண்ணாடி வந்து சேர்ந்து பார்த்தால், எனக்கு இரண்டிலும் திரிந்திருக்கிறது. ஏபி. அபூர்வமான வகையாம். யாருடைய ரத்தம் வேண்டுமானாலும் எனக்கு ஏற்றலாமாம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

உனக்கு என்ன வகை? கிளாராவுக்கு?

இப்படிக்கு,
கிளாரா அப்பா


மரியே வாழ்க

வடக்கன்குளம்
26.7.2002

அன்புள்ள கிளாரா அப்பாவுக்கு,

நான் போகாதே என்றால் போவீர்கள், குத்தாதே என்றால் குத்திக்கொள்வீர்கள். அந்த ஊசியை எத்தனை பேருக்குக் குத்தினார்கள் என்று பார்த்தீர்களா?

முப்பது வருஷமாக நான் தொட்டால் "துடைச்சுட்டுத் தொடு" என்று சொல்கிற கண்ணாடியை அந்த அம்மாள் வாங்கி மூக்கில் மாட்டியிருக்கிறாள். நீங்களும் கொடுத்திருக்கிறீர்கள். பல் இல்லை என்று எனக்கு எழுதுகிறவர் அவள் வாயை எதற்காக அவ்வளவு கவனித்தீர்கள்?

எனக்கு என்ன வகை என்று தெரியாது. என்னைக் குத்த வரும் ஆளும் இன்னும் பிறக்கவில்லை. கிளாராவுக்கு ஓ. ஆஸ்பத்திரி அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. யாருக்கு வேண்டுமானாலும் அவள் ரத்தம் கொடுக்கலாம் என்று நர்ஸ் சொன்னாள். நீங்கள் யாரிடமும் வாங்கலாம், உங்கள் மகள் யாருக்கும் கொடுக்கலாம். நல்ல பொருத்தம். உங்களுக்குக் கொடுக்கத்தான் பிறந்திருக்கிறாள் என்று சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நாள் நெருங்கிவிட்டது. டாக்டர் அடுத்த வாரம் என்கிறார். பையைக் கட்டித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். டென்னிஸுக்குச் சமைக்கத் தெரியும், வயிறு காயமாட்டான்.

இப்படிக்கு,
மிக்கேலம்மாள்


பென்னலூர்
4.8.2002

மிக்கேலுக்கு,

கிளாராவின் அட்டையில் ஓ என்றுதான் எழுதியிருக்கிறதா? நீ உன் கண்ணால் பார்த்தாயா, நர்ஸ் சொன்னதைக் கேட்டு எழுதினாயா? அந்த ஆஸ்பத்திரியில் சரியாகப் பார்ப்பார்களா? வேறு இடத்தில் ஒருமுறை பார்க்கச் சொல். காரணம் கேட்காதே, நல்லதற்குத்தான்.

இன்னொன்று. நான் வேதாரண்யம் உப்பளத்துக்கு மாற்றலாகிப் போய்த் திரும்பியது எந்த மாதம் என்று உனக்கு நினைவிருக்கிறதா? நான் யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. கிளாரா எட்டாம் மாதத்தில் பிறந்தாள் என்று சொன்னது யார்? மருத்துவச்சியா, டிஸ்பென்சரி கம்பவுண்டர் பிச்சையாவா? பிச்சையா இப்போது எங்கே இருக்கிறார்?

நேற்று வகுப்பில் வம்சவழிப் பாடம் நடந்தது. வேறு விசேஷம் இல்லை.

செல்வநாதன்


மரியே வாழ்க

வடக்கன்குளம்
9.8.2002

அன்புள்ள கிளாரா அப்பாவுக்கு,

புதன்கிழமை காலையில் கிளாராவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஆபரேஷன் இல்லை. தாயும் பிள்ளையும் சுகம். போனில் மாப்பிள்ளை சொன்னபோது நீங்கள் "சரி" என்று மட்டும் சொன்னீர்களாம். அவர் போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று சமாளித்தேன்.

உங்கள் கடிதத்தை நான் நாலு தடவை படித்துவிட்டேன். மேலே "மரியே வாழ்க" இல்லை. "அன்புள்ள" இல்லை. கீழே உங்கள் சொந்தப் பேரில் கையெழுத்து. பேங்குக்கு எழுதின கடிதம் கவர் மாறி வந்துவிட்டதா?

முதலில் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? உங்களுக்கு ஏதோ பெரிய வியாதி. அந்த வகுப்பில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும், அதற்காகத்தான் மகளின் வகையைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள், என்னிடம் மறைக்கிறீர்கள் என்று. பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்து ஜெபமாலையில் பாதி அவளுக்கு, பாதி உங்களுக்கு என்று சொன்னேன். டென்னிஸுக்குப் போன் போட்டு அப்பா எப்படி இருக்கார் என்று கேட்டேன். "நல்லாத்தாம்மா இருக்காரு, செவத்தப் பாத்துக்கிட்டே இருக்காரு" என்றான்.

ஆனால் வியாதிக்காரனுக்கு வேதாரண்யம் எதற்கு? பிச்சையா எதற்கு? அவர் செத்துப்போய் எத்தனையோ வருஷமாகிறது, அடக்கத்துக்கு நீங்களும்தான் வந்தீர்கள். என்ன கேட்க வருகிறீர்கள்? வளைக்காமல் நேராகக் கேளுங்கள்.

அட்டையை நான் என் கண்ணால் பார்த்தேன். ஓ தான்.

இப்படிக்கு,
மிக்கேலம்மாள்


பென்னலூர்
15.8.2002

மிக்கேலுக்கு,

இன்று மாதா விண்ணேற்புத் திருநாள். பூசைக்குப் போனேன், நற்கருணை அப்பம் வாங்காமல் வந்துவிட்டேன்.

நேராகக் கேள் என்றாய். கேட்கிறேன்.

பெருமாள்சாமி கரும்பலகையில் கட்டம் போட்டு விளக்கினார். பிள்ளைக்கு ரத்தம் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று வருகிறது. ஏபி-காரனிடம் கொடுப்பதற்கு ஏ இருக்கும், இல்லாவிட்டால் பி இருக்கும். இரண்டில் ஒன்றைக் கொடுத்தே தீர வேண்டும். ஓ என்றால் இரண்டு பேருமே ஒன்றும் கொடுக்கவில்லை என்று அர்த்தம். ஆகையால் ஏபி தகப்பனுக்கு ஓ பிள்ளை பிறக்காது. அவர் இதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, எல்லாருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். உலகம்மாள் நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். 

நான் ஏபி. கிளாரா ஓ.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. நான் வேதாரண்யத்தில் இருந்தேன். நீ தனியாக இருந்தாய். உனக்கு ரத்தசோகை என்று பிச்சையா வீட்டுக்கே வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். நான் வந்த எட்டாம் மாதத்தில் கிளாரா பிறந்தாள். எட்டு மாதக் குழந்தை என்கிறார்கள், ஆனால் நல்ல எடையோடு இருந்தாள் என்று எல்லாரும் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அது சந்தோஷமாக இருந்தது.

கேட்டில் நான் பார்த்தது இதைத்தான். ஒருவனுடைய கார்டு ஒரு நேரம் காட்டும், அவன் வாய் வேறு நேரம் சொல்லும். பஸ் வரவில்லை, பிள்ளைக்குச் சுகமில்லை என்று அழுவான். நான் கார்டைத்தான் நம்பினேன். கார்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

உன்னைத் திட்டி எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் இந்த நிலையில் அங்கே வந்து அந்தப் பிள்ளையைத் தூக்க என்னால் முடியாது. நீ பதில் சொல்.

செல்வநாதன்


மரியே வாழ்க

வடக்கன்குளம்
20.8.2002

திரு. செல்வநாதன் அவர்களுக்கு,

உங்கள் பெயரை நான் என் கையால் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதும்போது கை கூசியது. ஆனால் வேறு எப்படி எழுதுவது? டென்னிஸ் அப்பாவுக்கு என்று ஆரம்பிக்கலாமா என்று பார்த்தேன். நாளைக்கு அவனுக்கும் விரலில் குத்திப் பார்த்துவிட்டு என்ன சொல்வீர்களோ, எனக்குத் தெரியாது.

கல்யாணமான புதிதில் உங்களைக் கூப்பிட என்னிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை. "இந்தாங்க" என்பேன், இல்லாவிட்டால் கதவைத் தட்டுவேன். கிளாரா பிறந்த பிறகுதான் எனக்கு உங்களைக் கூப்பிட ஒரு பேர் கிடைத்தது. கிளாரா அப்பா, கிளாரா அப்பா என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டேன். அந்தப் பேரை நீங்கள் இப்போது திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்.

எட்டாம் மாதம் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். அடிபம்பிலிருந்து குடத்தோடு வரும்போது வழுக்கி விழுந்தேன். தண்ணீர்க் குடம் உடைந்தது, பனிக்குடமும் உடைந்தது. பிச்சையா உங்களுக்கு ஆள் அனுப்பினார். கேட்டை விட்டு வர முடியாது, ஷிப்ட் மாறினதும் வருகிறேன் என்று நீங்கள் சொல்லி அனுப்பினீர்கள். அந்த மனிதன்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருத்துவச்சி வீட்டுக்கு ஓடினார். அவரைச் செத்த பிறகு தோண்டி எடுத்து என் வாசலில் நிறுத்துகிறீர்கள். வெட்கமாக இல்லையா?

உங்களிடமிருந்து அவளுக்கு ஒன்றும் வரவில்லை என்று கட்டம் போட்டுப் பார்த்துவிட்டீர்கள். சோறு போட்டால் மோரை முதலில் குடித்துவிட்டுக் குழம்புக்கு வருகிற கோணல் பழக்கம் இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் இருக்கிறது. இந்த வீட்டில் அவளுடைய மாமியார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதற்கு உங்கள் கரும்பலகையில் எந்தக் கட்டம்?

ஒரே ஒரு தடவை சொல்கிறேன். அவள் உங்கள் மகள். இரண்டாம் தடவை சொல்ல மாட்டேன், சத்தியமும் பண்ண மாட்டேன். கேட்டில் மற்றவர்களுடைய சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து திறந்து பார்த்த கை உங்களுடையது. நான் எதைச் சொன்னாலும் அதையும் திறந்துதான் பார்ப்பீர்கள்.

கிளாரா ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறாள் தெரியுமா? "அப்பா ஏம்மா இன்னும் வரல? எம்மேல எதும் கோவமா?" பச்சை உடம்புக்காரியிடம் நான் என்ன சொல்வேன்? லீவு போட முடியாத டென்னிஸைத் தனியாக விட்டுவிட்டு வர முடியவில்லை என்று உங்களுக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் எட்டு, மாதா பிறந்த நாள் அன்றைக்குக் குழந்தைக்கு ஞானஸ்நானம். தலைப்பிள்ளையைத் தாயின் தகப்பன்தான் கோயிலுக்குத் தூக்கிப் போக வேண்டும் என்பது இவர்கள் வீட்டு வழக்கம். நீங்கள் வராவிட்டால் சம்பந்தியம்மா ஏன் என்று கேட்பார்கள். அன்றைக்கு எல்லாம் வெளியே வரும். அதன் பிறகு நான் பென்னலூருக்குத் திரும்ப மாட்டேன்.

ஒரு நிபந்தனை. கிளாராவிடம் ஒரு சொட்டு ரத்தம் கேட்கக் கூடாது. நீங்களும் மறுபடி போய் விரலைக் குத்திக்கொண்டு, "மிக்கேல், தப்பாகிவிட்டது, நான் ஏபி இல்லை" என்று சிரித்துக்கொண்டு வரக் கூடாது. அப்படி வந்தால் என்னை நம்பி வந்ததாக ஆகாது, அந்த நீல மருந்தை நம்பி வந்ததாக ஆகும். வந்தால் இப்போது இருக்கிற மாதிரியே, இந்தச் சந்தேகத்தோடேயே, நான் சொன்ன அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வர வேண்டும். முடியாவிட்டால் வர வேண்டாம்.

மிக்கேலம்மாள்


மரியே வாழ்க

பென்னலூர்
25.8.2002

அன்புள்ள மிக்கேலுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கவரைத் திறந்ததும் என் பெயர். முன்பு வகுப்பில் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது வேறு யாரோ என்று திரும்பிப் பார்த்தேன். இப்போது திரும்பிப் பார்க்க யாரும் இல்லை.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நீ நம்பினால் நம்பு.

நேற்று வகுப்புக்குப் போகக் கூடாது என்று நினைத்திருந்தேன். கால் போய்விட்டது. வகுப்பு முடிந்ததும் பெருமாள்சாமியிடம், எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படி வந்திருக்கிறது என்று யாருடைய கதையையோ சொல்வது போலச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "அந்தத் தெரிஞ்சவர் சில்லைக் கலக்கி எவ்வளவு நேரம் கழிச்சுப் பாத்தார்?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. உடனே பார்க்க வேண்டுமாம். விட்டுவிட்டால் சொட்டு காய்ந்து ஓரமெல்லாம் திரிந்த மாதிரியே தெரியுமாம், விசிறிக்கு அடியில் வைத்தால் இன்னும் சீக்கிரம். "நான் அன்னிக்கு எல்லார்கிட்டயும் சொன்னனே" என்றார். சொல்லியிருப்பார். என் மூக்குக் கண்ணாடி எந்த பெஞ்சில் போகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடி ஊர்வலம் போனதை நானே சிரித்துச் சிரித்து உனக்கு எழுதினேனே, மிக்கேல். அது என் சில்லைக் காய வைத்துவிட்டு வந்தது என்று எனக்கு உறைக்கவில்லை. கிழவர்கள் வகுப்பில்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும்.

அப்படியானால் நான் ஏபி இல்லையா என்று கேட்டேன். தெரிந்தவர் கதையெல்லாம் அதோடு போயிற்று. "காய்ஞ்சதுனாலயும் இருக்கலாம். நெஜமாவே ஏபியாவும் இருக்கலாம். திரும்பப் பாத்தாத்தான் தெரியும். வாங்க, ரெண்டு நிமிஷம்" என்று மருந்துப் பெட்டியைத் திறந்தார். புது ஊசியை உறை பிரித்தார்.

நான் விரலை நீட்டினேன். பொய் சொல்லவில்லை, நீட்டினேன். அவர் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தார். விரல் நுனி ஜில்லென்று ஆயிற்று. அந்த இரண்டு நிமிஷத்தில் என் பாரமெல்லாம் இறங்கிவிடும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. உலகம்மாள் வாசலில் நின்றுகொண்டு, என் கண்ணாடியைத் தன் சேலையில் துடைத்துக் கையில் தயாராக வைத்திருந்தாள்.

அப்போது உன் நிபந்தனை நினைவுக்கு வந்தது. விரலை இழுத்துக்கொண்டேன். வேண்டாம் சார், நேரமாகிவிட்டது என்றேன். அவர் பிரித்த ஊசியைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டார்.

ஆகவே நான் ஏபியா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நேற்று வரும் வழியெல்லாம் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றிக்கொண்டேதான் இருந்தது. கேட்டில் நின்ற புத்தி ஒரு நாளில் போகவில்லை. ஆனால் அன்றைக்குக் கேட்டை விட்டு வராமல் இருந்தேன் என்று நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு அழுதேன். டென்னிஸ் வெங்காயம் உரிக்கிறீங்களா என்று கேட்டான், ஆமாம் என்றேன்.

செப்டம்பர் ஆறாம் தேதி ரயிலுக்கு டென்னிஸ் டிக்கெட் எடுத்துவிட்டான். நீ வா என்றால் ஏறுவேன். வேண்டாம் என்றால் இங்கேயே கிடப்பேன்.

கீழே கையெழுத்துப் போடவில்லை. என்ன போடுவது என்று நீதான் சொல்ல வேண்டும்.


மரியே வாழ்க

வடக்கன்குளம்
29.8.2002

அன்புள்ள கிளாரா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. குழந்தை அழுகிறது, அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

என் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பிச்சையா கல்லறையில் நீங்கள் மெழுகுவர்த்தி கொளுத்துகிற வரைக்கும் அது போகாது. ஞானஸ்நானம் முடிந்த மறுநாள் தூத்துக்குடிக்குப் போவோம், நானும் கூட வருவேன்.

நீங்கள் எழுதினதை இரண்டு தடவை படித்தேன். விரலை நீட்டினேன், பஞ்சால் துடைத்தார், ஜில்லென்று இருந்தது என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் இழுத்துக்கொண்டேன் என்கிறீர்கள். இழுத்தீர்களா? எனக்கு எப்படித் தெரியும்? குத்திப் பார்த்து ஏபி இல்லை என்று தெரிந்த பிறகு, நிம்மதியாக உட்கார்ந்து இப்படி ஒரு கடிதத்தை நீங்கள் எழுதியிருக்கலாம். என் நிபந்தனை உங்களுக்குத் தெரியும், நான் எதைக் கேட்க ஆசைப்படுவேன் என்பதும் தெரியும். நேற்று முழுக்க எனக்கு இதே நினைப்புதான். குழந்தையைக் குளிப்பாட்டும்போதும் இதுதான். சந்தேகம் வந்தால் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கும் தெரிந்துவிட்டது. அது ரொம்பப் பொல்லாதது.

உலகம்மாள் வாசலில் நின்றாள் என்று எழுதியிருக்கிறீர்கள். டென்னிஸிடம் சொல்லி அவளிடம் விசாரிக்கலாம். அந்தப் பேராசிரியருக்கு நானே ஒரு கார்டு போட்டுக் கேட்கலாம். கேட்க மாட்டேன்.

கிளாராவிடம் அப்பா வருகிறார் என்று சொல்லிவிட்டேன். மோரை எடுத்து வைக்கச் சொன்னாள். சம்பந்தியம்மா காது கேட்க, கிளாரா அப்பா வருகிறார், கிளாரா அப்பா வருகிறார் என்று இன்றைக்கு இரண்டு மூன்று தடவை சத்தமாகச் சொன்னேன்.

வள்ளியூர் ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளையோடு நானும் வருவேன். வெள்ளை வேட்டி எடுத்து வாருங்கள், அங்கே பெட்டிக்குள் அடியில் இருக்கிறது. கண்ணாடியை மறந்துவிடாதீர்கள், பேரன் முகத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

எனக்குக் கேட்டில் நிற்கத் தெரியாது. வந்து இறங்கும்போது உங்கள் விரலை நான் பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
மிக்கேலம்மாள்